பட்டறையில் ஒரு விளக்கு

நுழையும்முன்

ஒரு பணிக்குத் தகுதியானவர் யார் என்பதை எது முடிவு செய்கிறது? பணிக்கு வருபவரின் உடலா, பணியிடத்தின் அமைப்பா, விண்ணப்பத்தைக் கையில் வைத்திருப்பவரின் எண்ணமா? கொங்கு நாட்டுத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் பயிற்றுநராக இருந்த ஒருவர், தாம் எடுத்த முடிவொன்றைத் திரும்பிப் பார்க்கிறார்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு மணியோசைக்குள் வாழ்ந்தவன் நான். காலையில் பட்டறை திறக்க ஒரு மணி, தேநீருக்கு ஒரு மணி, கருவிகளைத் துடைத்து வைக்க ஒரு மணி. நான் பணியில் சேர்ந்த 1984ஆம் ஆண்டில் அது வேப்பமரக் கிளையில் தொங்கிய தண்டவாளத் துண்டு. பின்னர் மின்மணி வந்தது. மணி சொல்லாததை என் குரல் சொல்லும். துளையிடும் எந்திரத்தருகே ஒருவன் சட்டைக் கையை மடிக்காமல் நின்றால், கூடத்தின் மறுகோடியிலிருந்து "நிறுத்து!" என்பேன். நாற்பது கைகள் ஒருசேர நிற்கும். அந்தக் குரலில் எனக்குப் பெருமையும் உண்டு. ஒரு பட்டறை முழுவதையும் ஓசையால் கட்டி ஆள்கிறோம் என்பது, ஓசையைக் கேட்க இயலாத ஒருவன் வாசலில் வந்து நிற்கும்வரை எனக்குத் தெரியவில்லை.

நான் பொருத்துநர் பிரிவின் பயிற்றுநர். 'பிட்டர்' என்றால் ஊரில் எல்லார்க்கும் தெரியும். பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கான ஈராண்டுப் பயிற்சி அது. சேர்ந்த முதல் வாரத்தில் ஒவ்வொருவர் கையிலும் ஓர் இரும்புத் துண்டையும் ஓர் அரத்தையும் கொடுப்போம். துண்டை வைஸில் இறுக்கி, ஆறு பக்கங்களையும் மட்டமாக அராவ வேண்டும். கேட்பதற்கு எளிது. செய்து பார்த்தால், அரம் முன்னே போகும்போது ஒரு முனை தாழ்கிறது, பின்னே வரும்போது மறுமுனை தாழ்கிறது. மட்டமாக இருக்க வேண்டிய பரப்பு மீனின் முதுகுபோல நடுவில் புடைத்துக்கொள்கிறது. பரப்பைச் சோதிக்க மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்போம். இடையில் ஒளிக்கீற்று தெரிந்தால் அங்கே பள்ளம். கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்துப்போன பின்னரே அந்த ஒளிக்கீற்று மறையும். அதற்குச் சிலருக்கு மூன்று வாரம் ஆகும். சிலருக்கு மூன்று மாதம். மட்டம் கைவந்தபின் அளவு. வெர்னியர் அளவுகோலில் ஒரு மில்லிமீட்டரை ஐம்பது பங்காக்கி அதில் ஒரு பங்கைப் படிக்கக் கற்பார்கள். அதன்பின், ஒரு துண்டின் புடைப்பு மற்றொரு துண்டின் பள்ளத்தில் ஒளி புகாமல் அமரும்படி செய்யும் பொருத்துவேலை. இந்தக் கல்வியில் கண்ணுக்கும் கைக்கும்தான் வேலை. இதை நானே ஆண்டுதோறும் முதல் நாள் வகுப்பில் சொல்லி வந்தேன். சொன்னதன் பொருளைத்தான் நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இப்படிப் பயின்றவர்களுக்கு எங்கள் ஊரில் வேலை இல்லாமற் போனதில்லை. கோவையைச் சுற்றியுள்ள நிலம் கிணற்றுப் பாசனத்தை நம்பியது. ஆழக் கிணறுகளிலிருந்து நீரை மேலேற்ற வேண்டியிருந்தது. பஞ்சாலைகள் பெருகியபோது எந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறைகளும் உடன் பெருகின. 1930களில் பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் வந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இங்கே மின்மோட்டார் உருவாக்கினார்கள். மோட்டாருடன் பம்பு, பம்புடன் வார்ப்படச்சாலை, பின்னர் வீட்டுக்கு வீடு மாவாட்டும் கிரைண்டர் என்று தெருத்தெருவாகத் தொழில் பரவியது. (ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பை முடித்தவரல்லர். அவர் இன்று என் முன்னே ஒரு விண்ணப்பத்துடன் வந்து நின்றிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதை எண்ணிப் பார்க்க அச்சமாக இருக்கிறது.) பீளமேட்டிலோ கணபதியிலோ ஒரு தெருவில் நடந்தால், பத்துப் பேர், பதினைந்து பேர் வேலை செய்யும் பட்டறைகளின் கதவுகளில் 'ஆட்கள் தேவை' என்ற அட்டை தொங்குவதைக் காணலாம். அட்டை தொங்கும் அதே தெருவில், வேலை கேட்டும் கிடைக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. இவ்விரண்டும் ஒரே தெருவில் எப்படி இருக்க முடியும் என்ற கேள்வி எனக்கு எழுந்ததில்லை.

1998ஆம் ஆண்டு, ஆனி மாதம். சேர்க்கைக் குழுவில் மூவர் அமர்ந்திருந்தோம். நடுவில் நான். ஓர் அம்மாவும் மகனும் வந்தார்கள். அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். வீட்டிலிருந்தபடியே மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிச் சுருள் சுற்றிக் கொடுக்கும் தொழில். சுருளுக்கு இவ்வளவு என்று கூலி. விரல் நுனிகளில் வார்னிஷ் படிந்திருந்தது. மகனுக்குப் பதினேழு வயது. செவித்திறன் குறையுடையோர் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேறியிருந்தான். மதிப்பெண் போதுமானதாகவே இருந்தது.

"ஏனுங்க சார், பையனுக்குக் காது கேக்காதுங்க. பேச்சும் வராதுங்க. ஆனா கைவேல நல்லா வருமுங்க. நாஞ் சுத்துற காயில்ல எங்க கம்பி விட்டிருக்குதுன்னு எனக்கு முன்ன அவன் காட்டிப்போடுவானுங்க" என்றார் அந்த அம்மா.

அவன் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. சன்னலுக்கு அப்பால் தெரிந்த துளையிடும் எந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பயிற்சியாளர் ஒருவர் நெம்பை இறக்க, துளையிலிருந்து இரும்புச் சுருள் எழுந்து வருவதையே அவன் கண்கள் தொடர்ந்தன.

நான் கனிவாகத்தான் பேசினேன். அதை இன்று நினைக்கும்போது கூச்சமாக இருக்கிறது. "அம்மா, இங்கே எந்திரங்கள் ஓடுகின்றன. ஆபத்து என்றால் நான் குரல் கொடுப்பேன். உங்கள் மகனுக்கு அது கேட்காது. ஏதாவது நேர்ந்தால் யார் பொறுப்பு? அவன் நன்மைக்காகத்தான் சொல்கிறேன். தையல், கூடை முடைதல் என்று வேறு எதிலாவது சேர்த்து விடுங்கள்" என்றேன். என் இருபுறமும் இருந்தவர்கள் தலையசைத்தார்கள்.

அந்த அம்மா வாதாடவில்லை. "ஆபத்துன்னு நீங்க சொன்னாச் சரிதானுங்க சார்" என்று எழுந்தார். மகனின் தோளைத் தொட்டுக் கையால் ஏதோ சொன்னார். அவன் முதன்முறையாக என்னைப் பார்த்தான். விண்ணப்பத்தின் ஓரத்தில் 'பாதுகாப்புக் காரணம் கருதித் தகுதியில்லை' என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்திட்டேன். ஒரு விபத்தைத் தடுத்துவிட்ட மனநிறைவுடன் அன்று மாலை வீட்டுக்குச் சென்றேன்.

ஊனமுற்றோருக்கான சம வாய்ப்புச் சட்டம் 1995இல் நிறைவேறி, 1996 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருந்தது. அதன் சுற்றறிக்கை எங்கள் அலுவலகக் கோப்பிலும் இருந்தது. நான் அதில் படித்ததற்கு அடையாளமாகச் சுருக்கொப்பமும் இட்டிருந்தேன்.

ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 2007இல், எங்கள் மாணவர்களைத் தொழிற்பழகுநர்களாகச் சேர்ப்பது தொடர்பாகப் பட்டறைகளைப் பார்வையிடச் சென்றுகொண்டிருந்தேன். பம்பு செய்யும் சிறு பட்டறை ஒன்றின் உரிமையாளர், "வாங்க சார், உக்காருங்க" என்று வரவேற்றார். உள்ளே ஒரு மூலையில் சாணை எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வார்ப்படச்சாலையிலிருந்து வந்த பம்பு உடல்களின் பிசிறுகளை ஒருவன் அதில் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தான். தீப்பொறிகள் அவன் முகத்துக்கு நேராகத் தெறித்தன. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி இல்லை. காலில் ரப்பர் செருப்பு. கால்மேல் விழுந்தால் எலும்பை முறிக்கும் எடையுள்ள வார்ப்புகள் அருகே குவிந்து கிடந்தன.

"அந்தப் பையனுக்குக் காது கேக்காதுங்க. ஆனா கெட்டிக்காரனுங்க. நாங்கெல்லாம் பேரிங்கு சரியா இருக்குதான்னு பாக்கத் திருப்புளிய மோட்டார் மேல வெச்சு, அந்தப் பக்கத்தக் காதுல வெச்சுக் கேப்போம். அவன் உள்ளங்கைய வெச்சாப் போதுமுங்க, சொல்லிப்போடுவான். தப்பினதே இல்லீங்க" என்றார் உரிமையாளர்.

"என்ன சம்பளம் கொடுக்கிறீர்கள்?"

"எடுபிடி ஆளுக்கு உண்டானதுதானுங்க. சர்ட்டிபிகேட் இல்லீங்களே."

அவன் எந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினான். புருவத்தின் மேல் ஒரு தீக்காயத் தழும்பு. அந்தக் கண்களை எனக்குத் தெரிந்தது. அவனுக்கு என்னைத் தெரிந்ததா என்று நான் அறியேன். ஒரு முக்காலியை இழுத்து என்னருகே வைத்துவிட்டு, மீண்டும் சாணைக்குச் சென்றான். கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் எப்படிக் கேட்பது? அவன் மொழியில் எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது.

எந்த ஆபத்திலிருந்து அவனைக் காப்பாற்றியதாக நான் நினைத்திருந்தேனோ, அதனினும் பெரிய ஆபத்தில், பயிற்சியும் காப்புக் கருவியும் சான்றிதழும் இல்லாமல் அவனைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். தையல் கற்றுக்கொள் என்று நான் சொன்னால் எந்திரத்தின்மேல் அவனுக்கிருந்த விருப்பம் போய்விடுமா? பின்வாசல் வழியே பட்டறைக்குள் வந்துவிட்டான். வந்த வழி பின்வாசல் என்பதால் எடுபிடிக் கூலி. பார்வைப் படிவத்தில் இதை எழுத இடமில்லை. காப்புக் கண்ணாடியும் காலணியும் கொடுக்க வேண்டும் என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறு ஆண்டுச் சேர்க்கைக்கு ஒரு பெண் வந்தாள். அவளுக்கும் காது கேட்காது. அவள் தந்தை லேத் பட்டறைத் தொழிலாளி. இப்போது குழுவில் புதிதாக வந்திருந்த இளைஞர் ஒருவர், "ஐயா, பாதுகாப்பு..." என்று தொடங்கினார். என் குரலையே வேறொருவர் வாயில் கேட்பது போலிருந்தது. "சேர்த்துக்கொள்வோம். பாதுகாப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அன்று மாலை பட்டறை காலியான பிறகு தனியே நின்று பார்த்தேன். இந்தக் கூடத்தில் எவையெல்லாம் காதை நம்பி இருக்கின்றன? மணி. என் குரல். பின்னாலிருந்து வருபவர் 'வழி விடு' என்பது. எந்திரத்தை ஓட்டத் தொடங்கும் முன் 'ஓட்டுகிறேன்' என்று சொல்வது. செய்முறையை வாயால் விளக்குவது. ஐந்தே ஐந்து. இவற்றுக்காகவா அன்று சிவப்பு மையை எடுத்தேன்?

மின்பணியாளர் பிரிவின் பயிற்றுநர் என் நண்பர். அவருடைய மாணவர்கள் மணியின் இணைப்பிலேயே சிவப்பு விளக்குகளை இணைத்து, கூடத்தின் நான்கு சுவர்களிலும் பொருத்தினார்கள். மணி அடித்தால் விளக்கு விட்டுவிட்டு எரியும். அபாயத்துக்கென்று தனிப் பொத்தான். அதை அழுத்தினால் விளக்கும் எரியும், எந்திரங்களுக்குச் செல்லும் மின்சாரமும் நிற்கும். விளக்கு, கம்பி, பொத்தான் எல்லாம் சேர்த்து எங்கள் கையிலிருந்து போட்ட தொகை ஒரு நல்ல அரத்தொகுதியின் விலைகூட இல்லை. சுவரைப் பார்த்தபடி இருந்த மேசைகளைத் திருப்பி, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்படி அமைத்தோம். துளையிடும் எந்திரத்தின் எதிரே, பின்னால் வருபவர் தெரிய ஒரு முகக்கண்ணாடி மாட்டினோம். எந்திரத்தில் இருப்பவரைப் பின்னாலிருந்து யாரும் தொடக்கூடாது, கண்ணெதிரே வந்துதான் அழைக்க வேண்டும் என்று விதி செய்தோம். வாயால் சொல்லிவந்த செய்முறைகளைப் படத்துடன் தாளில் எழுதத் தொடங்கினேன். இருபத்து நான்கு ஆண்டுகளாக நான் சொல்லி வந்தவற்றில் எவ்வளவு குழப்பம் இருந்தது என்பது, எழுதும்போதுதான் தெரிந்தது.

விளக்கு பொருத்திய முதல் வாரத்தில் ஒரு மாணவன் சொன்னான்: "ஐயா, இதற்கு முன்பு சாணை ஓடும்போது எங்களுக்கும் மணி கேட்டதே இல்லை. மற்றவர்கள் எழுவதைப் பார்த்துத்தான் எழுந்து கொள்வோம்." கேட்கும் காதுகளுக்கும் கேட்காத ஒரு மணியை நான் அவ்வளவு காலம் நம்பியிருந்திருக்கிறேன்.

தெரிந்து தெளிவோம்

இந்திய அரசியலமைப்பின் 41ஆம் உறுப்பு, தன் பொருளாதார வரம்புக்குட்பட்டு வேலைக்கும் கல்விக்குமான உரிமையையும், வேலையின்மை, முதுமை, நோய், உடற்குறை ஆகிய நிலைகளில் உதவி பெறும் உரிமையையும் அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசுப் பணிகளில் 3 விழுக்காடு இடங்களை ஒதுக்கியது. அதற்கு மாற்றாக வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அதனை 4 விழுக்காடாக உயர்த்தியது; 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களுள் பணியில் இருந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 36 பேர்.

எல்லாம் எளிதாக நடந்தது என்று சொன்னால் பொய்யாகும். பட்டறையில் அவள் கை விரைவாகத் தேறியது. ஏட்டுப் பாடம் அவளைத் துன்புறுத்தியது. பிறந்தது முதல் தமிழைக் காதால் கேளாதவளுக்கு, நீண்ட தமிழ் வாக்கியம் என்பது நமக்கு அயல்மொழி வாக்கியம் போன்றது என்பதை நான் அறிந்திருக்கவில்லை. 'படிக்க மாட்டேன் என்கிறாள்' என்று ஒருமுறை கடிந்துகொண்டேன். பட்டறைக் கணக்குத் தாளில் முதல்முறை தவறினாள், துணைத்தேர்வில் தேறினாள். பழக்கத்தில் எத்தனையோ முறை அவள் முதுகைப் பார்த்து "நிறுத்து!" என்று கத்தியிருக்கிறேன். மற்ற மாணவர்கள் சிரிப்பார்கள். அவள் திரும்பிப் பார்த்து, சிரிப்பின் காரணத்தைப் பிறரிடம் கேட்டு அறிந்து, தானும் சிரிப்பாள். மாணவர்கள் என்னினும் விரைவாகக் கற்றார்கள். அரத்துக்கு ஒரு சைகை, வெர்னியருக்கு ஒன்று, மூலைமட்டத்துக்கு ஒன்று என்று அவர்களுக்குள் ஒரு பட்டறை மொழி உருவாயிற்று. எனக்கும் ஒரு சைகை வைத்திருந்தார்கள். அது என் தொந்தியைக் குறிப்பது என்பது மிகவும் பிந்தித்தான் எனக்குத் தெரிந்தது.

2010இல் அவள் பயிற்சியை முடித்தாள். தொழிற்பழகுநராகச் சேர்க்க வேண்டி இரண்டு பெரிய நிறுவனங்களுக்குத் தொலைபேசியில் பேசினேன். இரண்டிலும் ஒரே விடை: "பாதுகாப்பு விதிகள் இடங்கொடா, சார்." எந்த விதி என்று கேட்டேன். விடை இல்லை. அவர்கள்மேல் சினங்கொள்ள எனக்கு ஏது உரிமை?

மூன்றாவதாக, தொலைபேசியை நம்பாமல் அவளையும் அவள் தந்தையையும் அழைத்துக்கொண்டு நடுத்தரமான ஒரு பம்புத் தொழிலகத்துக்கு நேரில் சென்றேன். அவள் செய்த பொருத்துவேலைத் துண்டுகளைப் பையில் எடுத்துச் சென்றிருந்தோம். அங்கிருந்த மூத்த மேற்பார்வையாளர் இரண்டு துண்டுகளையும் இணைத்து, சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நெடுநேரம் பார்த்தார். "யாரு செஞ்சதுங்க?" என்றார். அவளைக் காட்டினேன். "சேத்திக்கலாமுங்க" என்றவர், சற்றுத் தயங்கி, "ஒண்ணுதான் தடங்கலுங்க. இந்தக் கூடத்துல பொம்பளைங்களுக்குக் கழிப்பற இல்லீங்க" என்றார்.

அவளுடைய காதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அந்த வளாகத்தில் பொதி கட்டும் பிரிவில் ஏழெட்டுப் பெண்கள் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தார்கள். சாலைக்கு அப்பாலுள்ள ஒரு வீட்டைத்தான் அவர்கள் அவசரத்துக்கு நாடி வந்தார்கள் என்பது அப்போது வெளியில் வந்தது. இத்தனை ஆண்டுகளாக அவர்கள் அதைக் கேட்கவில்லை. கேட்டால் வேலை போய்விடுமோ என்ற அச்சம். பொருத்துநர் ஒருத்திக்காக எழுப்பப்பட்ட அந்தச் சிறு கட்டடத்தை அதிகம் பயன்படுத்தியவர்கள் பொதி கட்டும் பெண்களே. கட்டி முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் அவள் வீட்டில் காத்திருந்தாள். அவள் தந்தை வாரம் ஒருமுறை வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார்.

நான் 2016 மே மாதம் ஓய்வு பெற்றேன். அதே ஆண்டு டிசம்பரில் புதிய சட்டம் நிறைவேறியது. ஓய்வில் இருந்தவனுக்குப் படிக்க நேரம் இருந்தது. இம்முறை சுருக்கொப்பம் இடாமல் படித்தேன். 'நியாயமான ஏற்பாடு' என்றொரு கருத்து அதில் வருகிறது. மாற்றுத்திறனாளி ஒருவர் பிறரோடு சமமாகத் தம் உரிமையைப் பெறுவதற்கு, அளவுக்கு மீறிய சுமையை ஏற்படுத்தாத தேவையான மாற்றங்களைச் செய்ய வேண்டும் என்பது அதன் பொருள். எங்கள் சிவப்பு விளக்கு நினைவுக்கு வந்தது. தனியார் நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி அரசு ஊக்கத்தொகை போன்ற சலுகைகள் வழங்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. நல்லதே. ஆயினும் எங்கள் ஊரின் வேலைகளில் பெரும்பகுதி பத்துப் பேர், இருபது பேர் உள்ள பட்டறைகளில் இருக்கிறது. பத்துப் பேரில் 5 விழுக்காடு என்பது அரை ஆள். அங்கே எந்தக் கணக்கும் எட்டாது. மேசைக்குப் பின்னால் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்பதே சட்டம். அந்த மேசைக்குப் பின்னால் நான் இருந்திருக்கிறேன்.

அண்மையில் என் பேத்தி கைப்பேசியில் இந்தியச் சைகைமொழி அகராதியைக் காட்டினாள். 2021இல் வெளிவந்த அதன் பதிப்பில் பத்தாயிரம் சொற்கள் இருக்கின்றனவாம். 'மன்னிப்பு' என்ற சொல்லைத் தேடச் சொன்னேன். அதை இரண்டு மூன்று முறை செய்து பழகினேன். யாரிடம் காட்டுவதற்காக என்று அவள் கேட்கவில்லை.

சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. பயிற்சி நிலையத்தில் சேராமல் பட்டறையிலேயே வேலை கற்றவர்களும் தனித்தேர்வராகத் தொழில்தேர்வை எழுதிச் சான்றிதழ் பெறலாம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். 2007இல் அவனைப் பார்த்த அன்றே தெரியும். மறுநாளே ஒரு விண்ணப்பத்துடன் நான் சென்றிருக்க வேண்டும். செல்லவில்லை. வேலைமிகுதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவன் முகத்தைப் பார்க்க நாணினேன். அந்தப் பெண் வேலையில் சேர்ந்த பிறகு, 2011இல்தான் எனக்குத் துணிவு வந்தது. விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போனபோது அந்தப் பட்டறை மூடப்பட்டு, அங்கே ஒரு கைப்பேசிக் கடை இருந்தது.

பழைய சேர்க்கைக் கோப்பிலிருந்து முகவரியைத் தேடி எடுத்தேன். விண்ணப்பத்தின் ஓரத்தில் என் சிவப்பு மை மங்காமல் இருந்தது. அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. அம்மா திண்ணையில் அமர்ந்து கம்பிச் சுருள் சுற்றிக்கொண்டிருந்தார். முதுமை தெரிந்தது. முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை. சொன்னதும் எழுந்து, "வாங்க சார், உக்காருங்க" என்று சேலைத் தலைப்பால் திண்ணையைத் துடைத்தார். தேநீர் வைத்தார்.

மகன் திருப்பூரில் ஒரு பனியன் ஆலையில் இருக்கிறானாம். தையல் எந்திரங்களைப் பழுதுபார்க்கிறவருக்கு உதவியாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவானாம்.

வந்த காரணத்தைச் சொன்னேன். விண்ணப்பத்தைக் கொடுத்தேன். எந்தெந்த இடத்தில் எதை எழுத வேண்டும் என்று பென்சிலால் குறித்துக் காட்டினேன். அவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கி, செம்புக்கம்பி உருளைக்கு அடியில் காற்றில் பறக்காதபடி வைத்தார்.

"அன்று நான் சொன்னது தவறு, அம்மா" என்றேன்.

"அதெல்லாம் எதுக்குங்க சார் இப்ப. டீ ஆறுதுங்க, குடிங்க" என்றார்.

அந்த ஆண்டுத் தொழில்தேர்வில் தேறிய தனித்தேர்வர் பட்டியல் வந்தபோது அவன் பெயரைத் தேடினேன். இல்லை. அடுத்த ஆண்டும் தேடினேன். ஓய்வு பெறும்வரை ஒவ்வோர் ஆண்டும் தேடினேன்.